9 எம்எம் கார்பைன் வாங்கி போட்டியில் சுடலாமா? துப்பாக்கி சுடும் ஆசை இருப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

ஈசிஆரில் மரக்காணத்தைத் தாண்டும்போது சாலை ஓரமெல்லாம் உப்பளப் பாத்திகள்தான். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வீடு இல்லை, மரம் இல்லை. ஷூட்டிங் வீடியோக்களை செல்போனில் பார்த்துப் பழகிய ஒரு பிளஸ் டூ மாணவருக்கு, 'பிராக்டிஸ் பண்ண இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?' என்று தோன்றினால் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அந்த வீடியோவில் வரும் குட்டைத் துப்பாக்கியை இந்தியாவில் பொதுமக்கள் யாரும் வாங்க முடியாது. யாராவது 'ஏற்பாடு செய்து தருகிறேன்' என்று சொன்னால், அது குறைந்தது ஏழு ஆண்டு சிறைக்கான ஏற்பாடு. அப்படியானால் போட்டியில் சுட ஆசைப்படுபவர் என்ன செய்வது? அதற்கு நேரான, செலவு குறைந்த வழி இருக்கிறது. என்ன, அது ரீல்ஸில் வருவது போல பரபரப்பாக இருக்காது.

அதென்ன பிசிசி?

பிஸ்டல் கேலிபர் கார்பைன் என்பதன் சுருக்கம்தான் பிசிசி. பார்க்க ரைபிள் போல இருக்கும். தோளில் அணைத்துச் சுடலாம். ஆனால் உள்ளே போடும் தோட்டா ரைபிள் தோட்டா அல்ல, கைத்துப்பாக்கியில் போடும் தோட்டா. பெரும்பாலும் 9 எம்எம். தோட்டா சின்னது, துப்பாக்கி கனமானது, தோள் தாங்கலும் உண்டு. அதனால் உதைப்பு குறைவு, குறி சட்டென்று மீண்டும் நிலைக்கு வந்துவிடும்.

இதைப் பயன்படுத்துவது 'பிராக்டிகல் ஷூட்டிங்' எனப்படும் வேகப் போட்டிகளில். இவற்றை உலக அளவில் நடத்தும் ஐபிஎஸ்சி அமைப்பு 1976-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள கொலம்பியா நகரில் தொடங்கப்பட்டது. முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். ஒலிம்பிக்கில் போல ஒரே இடத்தில் நின்று சுடுவது இங்கே கிடையாது. பீப் சத்தம் கேட்டதும் ஓட வேண்டும், தடுப்புகளுக்குப் பின்னால் இருந்து சுட வேண்டும், நடுவில் மேகஸின் மாற்ற வேண்டும்.

மதிப்பெண் கணக்கும் வித்தியாசம். எடுத்த புள்ளிகளை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுப்பார்கள். ஒருவர் 120-க்கு 120 எடுத்து 25 விநாடி எடுத்துக்கொண்டால் அவருக்கு 4.8. இன்னொருவர் 110 மட்டும் எடுத்து 20 விநாடியில் முடித்தால் 5.5. இரண்டாமவர்தான் முன்னிலை! அதற்காகக் கண்டபடி சுட்டாலும் ஆபத்து. பிசிசி பிரிவில் நடு வட்டாரத்துக்கு 5 புள்ளி, அடுத்ததற்கு 3, ஓரத்தில் பட்டால் 1 தான்.

இந்தத் துப்பாக்கி சட்டப்படி கிடைக்கும் நாடுகளில், தேர்வு செய்பவர்கள் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். ஒன்று, உள்ளே இயங்கும் முறை. கனமான போல்ட் நேரடியாகப் பின்னால் வந்து மோதும் எளிய 'ப்ளோபேக்' வகை விலை குறைவு, ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு குலுக்கு குலுக்கும். போல்ட் திறப்பதைத் தாமதப்படுத்தும் வகைகள் மென்மையானவை, விலையும் அதிகம். இரண்டாவது, மேகஸின் தடையில்லாமல் வேலை செய்கிறதா என்பது. போட்டியில் ஒருமுறை சிக்கினால் அந்த சுற்றே போச்சு. மூன்றாவது, சிவப்புப் புள்ளி சைட். இது குழலுக்கு மேலே ஆறேழு செ.மீ. உயரத்தில் இருக்கும். அதனால் சில அடி தூரத்தில் உள்ள இலக்கில் புள்ளி வைத்த இடத்துக்குக் கீழேதான் குண்டு படும். புதிதாக வருபவர்கள் இதில்தான் முதலில் ஏமாறுவார்கள்.

இந்தியாவில் ஏன் முடியாது?

ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016. இந்த இரண்டும்தான் அடிப்படை. விதிகளின் முதல் அட்டவணையில் தடை செய்யப்பட்ட ஆயுதங்களின் வகைகள் இருக்கின்றன. ராணுவம், போலீஸ் பயன்படுத்தும் 9 எம்எம் தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடிய பிஸ்டல், ரிவால்வர், கார்பைன் மூன்றும் அதில் வருகின்றன. ஆம், கார்பைன் என்று பெயர் சொல்லியே இருக்கிறது. போதாததற்கு, தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைபிள்களும் தடைப் பட்டியலில்தான் உள்ளன. ஆக, பிசிசி இரண்டு கதவிலும் இடிக்கிறது.

நம்மூரில் லைசென்ஸ் உள்ளவர்கள் .32 பிஸ்டல், ரிவால்வர் என்று வைத்திருப்பதன் காரணம் இதுதான். 9 எம்எம் அரசுப் படைகளின் தோட்டா, அது வெளியே புழங்கக் கூடாது என்பதே கணக்கு.

2019-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, தடை செய்யப்பட்ட ஆயுதத்தை அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. 'போட்டிக்குப் பழகத்தான் வைத்திருந்தேன்' என்பது இதில் செல்லுபடியாகாது.

அப்போ தமிழ்நாட்டில் கார்பைன் போட்டியே இல்லையா?

இருக்கிறது. ஆனால் களத்தில் இருப்பவர்கள் காக்கிச் சட்டைக்காரர்கள். அகில இந்திய காவல்துறை துப்பாக்கி சுடும் போட்டியில் ரைபிள், பிஸ்டல்/ரிவால்வர், கார்பைன் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. முழங்காலை மடக்கி, உடலைக் குனிந்து வைத்துச் சுடும் 'பேட்டில் கிரவுச்' நிலையெல்லாம் கார்பைனுக்கு உரியது. இந்தப் போட்டி பெண் போலீசாருக்கென்றே தனியாக 2023 ஜூன் மாதம் செங்கல்பட்டு மாவட்டம் ஒத்திவாக்கத்தில் நடந்தது. தமிழ்நாடு காவல்துறையில் பெண்கள் சேர்ந்து 50 ஆண்டு ஆனதையொட்டி நடத்தப்பட்டது அது. மரக்காணத்தில் இருந்து சென்னை போகும் திசையில்தான் ஒத்திவாக்கமும் இருக்கிறது.

இந்திய போலீசார் நெடுங்காலம் பயன்படுத்திய 9 எம்எம் கார்பைன், பிரிட்டனின் ஸ்டெர்லிங் துப்பாக்கியின் இந்தியத் தயாரிப்பு. கான்பூரில் செய்யப்பட்டது. கமாண்டோ படைகளின் கையில் எம்பி5 வகையும் உண்டு. கார்பைன்தான் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு ஒரே வழி, சீருடைப் பணியாளர் தேர்வு எழுதி காவல்துறையில் சேர்ந்து, அங்கே அணியில் இடம் பிடிப்பது. விளையாட்டாகச் சொல்லவில்லை. மாநிலப் போலீஸ் அணிகளுக்கு அப்படித்தான் ஆள் வருகிறது.

மற்றவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

ஏர் கன்னில் இருந்து. 10 மீட்டர் ஏர் ரைபிள், 10 மீட்டர் ஏர் பிஸ்டல். 'போயும் போயும் பலூன் சுடும் துப்பாக்கியா?' என்று முகம் சுளிக்க வேண்டாம். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைபிளில். 2024 பாரிஸில் மனு பாக்கர் வாங்கிய இரண்டு வெண்கலமும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில். டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கில் ஏர் ரைபிள் சுட்ட இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில். வளர்ந்தது அகமதாபாத்தில் என்பது வேறு விஷயம்.

சட்டமும் இங்கே இளகுகிறது. குழல் அளவு 4.5 எம்எம் வரைக்கும், வெளியேறும் பெல்லட்டின் ஆற்றல் 20 ஜூல் வரைக்கும் உள்ள ஏர் கன்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஒலிம்பிக் போட்டியில் பயன்படும் ஏர் ரைபிளும் பிஸ்டலும் இந்த எல்லைக்கு வெகு கீழேயே இருக்கின்றன. வாங்கும்போது அடையாளச் சான்று கொடுக்க வேண்டும். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். வழியில் போலீசார் நிறுத்திக் கேட்டால் காட்ட வேண்டியது அதுதான்.

அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு இன்னும் சுலபமான ஒரு கதவு இருக்கிறது. என்சிசி. அங்கே .22 ரைபிளில் சுடும் பயிற்சி பாடத்திட்டத்திலேயே உண்டு. காசு இல்லாமல் நிஜத் துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்க இதைவிட வேறு வாய்ப்பு இல்லை. நன்றாகச் சுடுபவர்கள் முகாம் அணிகளுக்குத் தேர்வாகி அடுத்த கட்டத்துக்கும் போகலாம்.

அடுத்தது ரைபிள் கிளப். மரக்காணத்தில் இருந்து சென்னை சுமார் 120 கி.மீ. என்பதால் தினமும் போய் வர முடியாது. வார இறுதிக்கு மட்டும் போனால்கூடப் போதும், ஏன் என்பது கீழே. சென்னை ரைபிள் கிளப் எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலக வளாகத்தில் இருக்கிறது. நடிகர் அஜித்குமாரே 2021 பிப்ரவரியில் வழி தவறி வேப்பேரியில் உள்ள புது கமிஷனர் அலுவலகத்துக்குப் போய் இறங்கி, அது செய்தியானது ஞாபகம் இருக்கலாம். அதற்கு அடுத்த மாதம் மாநிலப் போட்டியில் பதக்கங்கள் வாங்கினார். 2022 ஜூலையில் திருச்சியிலும் வாங்கினார். நாற்பது வயதுக்கு மேலும் இந்த விளையாட்டில் இடம் உண்டு என்பதற்கு அவர் ஓர் உதாரணம்.

ரைபிளா, பிஸ்டலா?

முதல் மூன்று மாதம் எதையும் வாங்காதீர்கள். கிளப் துப்பாக்கியில் இரண்டையும் சுட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.

ரைபிளுக்குத் துப்பாக்கியோடு செலவு முடியாது. முதுகையும் இடுப்பையும் தாங்கும் விறைப்பான ஜாக்கெட், பேன்ட், கையுறை, ஷூ எல்லாம் தனி. ஆளுக்கு ஏற்ற அளவில் தைக்க வேண்டும். வளரும் பிள்ளைக்கு ரெண்டு வருஷத்தில் பத்தாமல் போய்விடும். பிஸ்டலுக்கு அந்தச் செலவு கிடையாது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் பலர் பிஸ்டலைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம். ஆனால் பிஸ்டலை ஒற்றைக் கையால்தான் பிடிக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு அருகில் எடையுள்ள ஒரு பொருளைக் கையை நீட்டி அறுபது முறை தூக்கி இறக்கிப் பாருங்கள், கஷ்டம் புரியும்.

ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், சுவிட்சர்லாந்தின் மொரினி, ஆஸ்திரியாவின் ஸ்டேயர், இத்தாலியின் பார்டினி. சர்வதேசப் போட்டிகளில் கண்ணில் படும் பெயர்கள் இவை. புதிதாக வாங்கினால் விலை லட்சத்தைத் தாண்டும். அதனால் பலரும் பழையதைத்தான் தேடுகிறார்கள். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இந்தத் துப்பாக்கிகள் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்த சிலிண்டரில் இயங்குபவை. சிலிண்டரில் தயாரிப்புத் தேதி பொறித்திருக்கும். பொதுவாகப் பத்து ஆண்டுதான் அதன் ஆயுள். காலாவதியான சிலிண்டரோடு போட்டிக்குப் போனால் பிரச்னை, வீட்டில் வைத்திருந்தாலும் ஆபத்து. குறைந்த விலைக்கு வருகிறதே என்று பணத்தைக் கொடுக்கும் முன் அந்தத் தேதியைப் பாருங்கள். புது சிலிண்டர் விலையைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், 'சல்லிசு' அவ்வளவு சல்லிசாக இருக்காது.

பிடி கைக்குப் பொருந்துகிறதா என்பது பிராண்டைவிட முக்கியம். மர வேலை தெரிந்தவர்கள் பிடியைச் செதுக்கியும், மர மாவுப் பசை அப்பியும் கைக்கு ஏற்றபடி மாற்றித் தருவார்கள். விதிப்படி பிஸ்டலின் எடை ஒன்றரை கிலோவுக்கு மேல் போகக் கூடாது. விசையை இழுக்கக் குறைந்தது 500 கிராம் விசை தேவைப்பட வேண்டும். ரைபிள் என்றால் ஐந்தரை கிலோ வரை.

இன்னொரு சின்ன சோதனை. இரண்டு கையையும் நீட்டி, விரல்களால் சின்ன வட்டம் செய்து, அதன் வழியே தூரத்தில் ஒரு பொருளைப் பாருங்கள். ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடுங்கள். எந்தக் கண்ணுக்குப் பொருள் நகராமல் தெரிகிறதோ அதுதான் உங்கள் ஆதிக்கக் கண். சிலருக்கு வலது கைப் பழக்கம், இடது கண் ஆதிக்கம் என்று இருக்கும். துப்பாக்கி வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடிப்பது வீண் செலவு.

குண்டே இல்லாத பயிற்சி

10 மீட்டர் ரைபிள் இலக்கின் நடுவில் உள்ள பத்து புள்ளி, அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சின்னப் புள்ளி. மரக்காணம் கல் உப்பில் ஒரு கல்லை எடுத்தால், அது இதைவிடப் பல மடங்கு பெரிது. பிஸ்டலுக்குக் கொஞ்சம் கருணை, 11.5 மில்லிமீட்டர். தகுதிச் சுற்றில் 60 குண்டு, ஒன்றே கால் மணி நேரம்.

இந்த அளவு துல்லியம் நிறைய சுடுவதால் வருவதில்லை. பயிற்சியில் பெரும் பகுதி, பெல்லட் போடாமல் வெறும் துப்பாக்கியோடு வீட்டில் செய்வது. அதனால்தான் ரேஞ்ச் 120 கி.மீ. தள்ளி இருப்பது அவ்வளவு பெரிய தடை இல்லை.

எதுவும் ஒட்டாத வெள்ளைச் சுவர் முன்னால் நின்று பிஸ்டலைத் தூக்குங்கள். முன் சைட் கூர்மையாகத் தெரிய வேண்டும், மற்றதெல்லாம் மங்கலாக இருக்கலாம். சைட் அசையாமல் விசையை மெதுவாகப் பின்னால் கொண்டுவாருங்கள். 'டிக்' சத்தம் வந்த பிறகும் இரண்டு விநாடி அப்படியே நில்லுங்கள். சுட்டதும் கையை இறக்கிவிடுவது புதியவர்களின் தீராத நோய். தூக்கி எட்டு விநாடிக்குள் விசை விழவில்லை என்றால் இறக்கிவிட்டு மூச்சு வாங்கி மறுபடி தூக்குங்கள். நேரம் போகப் போகக் கண்ணும் கையும் களைத்து, கடைசியில் அவசரமாக இழுத்துவிடுவோம். இறக்கத் தெரிந்தவர்தான் நல்ல ஷூட்டர் என்று பயிற்சியாளர்கள் சொல்வதற்கு அர்த்தம் இதுதான்.

நிற்கும் நிலையைச் சரிபார்க்க ஒரு வழி: இலக்கைக் குறிபார்த்து, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுவிட்டுத் திறந்து பாருங்கள். சைட் இடதோ வலதோ விலகி இருந்தால் கையால் இழுத்துத் திருத்தக் கூடாது. பாதத்தை நகர்த்தி உடம்பையே திருப்ப வேண்டும்.

தினமும் அரை மணி நேரம் போதும். ஆனால் ஒரு நாள் விடாமல். நோட்டுப் புத்தகத்தில் என்ன செய்தோம், எங்கே சொதப்பியது என்று எழுதி வைப்பது பலன் தரும். பெல்லட் ஈயத்தால் ஆனது. அதைத் தொட்ட கையோடு சாப்பிடக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சிறுவர்கள் உள்ள வீட்டில் இதில் கூடுதல் கவனம் தேவை.

உப்புக்காற்று என்ற எதிரி

உப்பளத்துக்கு அருகில் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு தலைவலி உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியில் பார்ப்பதுதான். காற்றில் வரும் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள் இரும்பின் மேல் படிந்தால், கடலோர இரவின் ஈரத்தில் அது ஒரு உப்புநீர்ப் படலமாக மாறி அரிக்க ஆரம்பிக்கும். கூடவே கை வியர்வை.

என்ன செய்வது? பயிற்சி முடிந்ததும் வெளிப்புற உலோகத்தை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். ஆனால் குழலுக்குள்ளும் காற்று வால்வுக்குள்ளும் கண்ட எண்ணெயை விடாதீர்கள். ரப்பர் சீல்கள் கெட்டுப்போகும். வாங்கும்போது கூட வந்த ஸ்பாஞ்ச் பெட்டி பயணத்துக்கு மட்டும்தான். ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மாதக்கணக்கில் அதில் பூட்டி வைத்தால் திறக்கும்போது துரு சிரிக்கும். பூட்டுள்ள அலமாரியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைப்பது நல்லது.

பராமரிப்பு எவ்வளவு தூரம் முக்கியம் என்பதற்கு டோக்கியோ ஒலிம்பிக் உதாரணம். 2021 ஜூலையில் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டலில் ஒரு லீவர் உடைந்தது. அதைச் சரிசெய்ய நிமிடங்கள் கரைந்தன. 575 எடுத்தவருக்கு இறுதிச்சுற்று வாய்ப்பு இரண்டு புள்ளியில் போனது. அது துருவால் உடைந்ததல்ல. ஆனால் போட்டி நடுவே துப்பாக்கி நின்றால் என்ன ஆகும் என்பதை நாடே அன்று பார்த்தது.

லைசென்ஸ் எப்போது தேவை?

ஏர் கன்னில் மதிப்பெண் ஏறி .22 பிஸ்டல், .22 ரைபிள் பக்கம் போகும்போது. 25 மீட்டர் பிஸ்டல், 50 மீட்டர் ரைபிள் போட்டிகள் இதில்தான் நடக்கின்றன. சொந்தமாகத் துப்பாக்கி வாங்க பொதுவாக 21 வயது ஆக வேண்டும். ஆனால் 12 வயது முதல் பெற்றோர் சம்மதத்தோடும் மேற்பார்வையோடும் பயிற்சி பெற விதிகள் இடம் தருகின்றன. விழுப்புரம் மாவட்டத்தில் விண்ணப்பம் போக வேண்டிய இடம் கலெக்டர் அலுவலகம். பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றும் கேட்பார்கள். லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்குச் செல்லும்.

2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரணக் குடிமகன் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. வீரர்களுக்கு விலக்கு உண்டு. 2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை வெளியிட்ட அறிவிப்பின்படி, சர்வதேசப் பதக்கம் வென்றவர்களும் 'புகழ்பெற்ற வீரர்' தகுதி பெற்றவர்களும் 12 வரை வைத்திருக்கலாம். வளரும் வீரர்களுக்கு இரண்டு. அந்தத் தகுதி, 1951-ல் தொடங்கிய தேசிய ரைபிள் சங்கத்தின் போட்டிகளில் எடுக்கும் மதிப்பெண்ணால் வருவது. மாநிலப் போட்டி, மாவ்லங்கர் போட்டி, தேசியப் போட்டி என்று ஏற வேண்டும். மதிப்பெண் சான்று இல்லாமல் 'ஸ்போர்ட்ஸ் லைசென்ஸ்' வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகர்களிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

உப்பளத்தில் பிராக்டிஸ் பண்ணலாமா?

வேண்டாம். மரக்காணம், வானூர் தாலுகாக்களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருக்கும் கழுவேலி சதுப்பு நிலம் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் படி, தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் எந்த ஆயுதத்தோடும் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. லைசென்ஸ் வேண்டாத ஏர் கன்தானே என்று அசட்டையாக உள்ளே போய்விட முடியாது. சரணாலயத்துக்குள் ஒரு பறவையைச் சுட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. சரணாலய எல்லை எங்கே முடிகிறது, உப்பளம் எங்கே தொடங்குகிறது என்று மண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாத இடம் அது. எல்லைக்கு வெளியேயும் பாத்திகளில் அதிகாலையில் இருந்தே ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். தட்டையான நீர்ப்பரப்பில் பட்ட பெல்லட் எகிறி எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வீட்டில் பத்து மீட்டர் நீளத்துக்கு, பக்கவாட்டில் யாரும் குறுக்கே வர முடியாத இடம் இருந்தால், பின்னால் பெல்லட்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டியும் அதற்குப் பின்னால் சுவரும் வைத்து, கண்ணாடி அணிந்து சுடலாம். இலக்கின் நடுப்புள்ளி தரையில் இருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அந்த இடம் இல்லாதவர்களுக்கு வெள்ளைச் சுவர் இருக்கிறது.